வெறும் வயிற்றில் ஸ்கேன்

காதர் பாட்சாவின் ஈரலில் முதலில் கொழுப்பு படிந்தது, பிறகு புற்றுக்கட்டி வந்தது. ஆறு மாதத்துக்கு முன் சென்னையில் ஈரலின் வலது பாதியை வெட்டி எடுத்தார்கள். எடுத்ததை ஒரு தட்டில் வைத்து, வெளியே நின்ற மனைவி ஹஃப்ஸாவிடம் காட்டினார்கள். வீட்டாரிடம் அப்படிக் காட்டுவது வழக்கம். கட்டியையும், ஒட்டிப் பச்சையாகக் கிடந்த பித்தப்பையையும் அவள் பார்த்தாள்.

இன்று காலை காரைக்காலில் ஸ்கேன்.

"கட்டி எதுவும் இல்ல. ஈரல் நல்லா வளந்திருக்கு," என்றார் டாக்டரம்மா. "பித்தப்பையும் சுத்தமா இருக்கு."

"அதத்தான் எடுத்துட்டாங்களே, டாக்டர்," என்றாள் ஹஃப்ஸா.

டாக்டரம்மா திரையைத் திருப்பினார். பேரிக்காய் வடிவில் ஒரு கறுப்பு நிழல். "இதோ இருக்கேம்மா. சாப்பிடாம வந்ததால நிரம்பியிருக்கு."

"ஈரல் வளந்துச்சுல்ல, கூடவே இது இலவசம் போல," என்று காதர் பாட்சா சிரித்தார். "இன்னிக்காவது எனக்கு எறா பிரியாணி ஆக்கு, புள்ள."

ஹஃப்ஸா சிரிக்கவில்லை. ஈரல் வளரும், பித்தப்பை வளராது என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார்.

"கட்டி இருந்த எடத்த இன்னொரு தடவ பாருங்க, டாக்டர்."

"இப்பத்தானேம்மா பாத்தேன்," என்றபடி அவர் கருவியை விலாவுக்குக் கீழே அழுத்தினார். கை நின்றது.

அளக்க ஏதாவது இருந்தால்தான் திரையில் கூட்டல் குறி வைப்பார்கள் என்பது ஹஃப்ஸாவுக்குத் தெரியும். டாக்டரம்மா ஒரு குறி வைத்தார். சற்றுத் தள்ளி இன்னொன்று வைத்தார். அதற்குள் கட்டி அந்தக் குறியைத் தாண்டியிருந்தது. குறியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, இன்னும் கொஞ்சம்.