கரண்டு தின்ற ஓவன்

"மீட்டர்ல கைய வச்சிருக்கான் சார் இவன். இல்லாட்டி எங்க ஓவன் இவ்வளவு கரண்டு இழுக்காது."

மாரிசெல்வம் போட்ட சத்தத்தில் லேப் வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரகடத்தில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனி அது. பாகங்களைச் சூட்டில் வைத்துச் சோதிக்கிற பழைய ஓவனை ஓட்டுபவன் மாரிசெல்வம். பக்கத்தில் வந்து நிற்கிற புது ஓவனோ பாகங்களைத் தானே ஏற்றும், தானே இறக்கும், ஆளே வேண்டாம். எது கரண்டைக் குறைவாகத் தின்கிறதோ அதுதான் லேபில் இருக்கும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பழசு போனால் மாரிசெல்வமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

இன்றைக்கு டெஸ்ட். பழசு தோற்றுவிட்டது. வயிறு எரியுமா எரியாதா?

"இன்னா சார் இவரு, வாய்க்கு வந்தத பேசிக்கினு கீறாரு?" என்றான் புது ஓவனை விற்க வந்த மணிகண்டபிரபு. "மீட்டர் ரெண்டும் உங்க கம்பெனிது. நான் தொடக்கூட இல்ல."

"தொடாமலா? போன வாரம் சும்மா ஓட்டிப் பாத்தப்ப எங்க ஓவன்தான கம்மியா எடுத்துச்சு? லீவு முடிஞ்சு வந்து பாத்தா தலகீழா நிக்கி. நடுவுல என்ன மாயம் பண்ணுன?"

லேப் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் குறுக்கே வந்தார். "மாரி, வார்த்தைய விடாத. வெளியாள் கை வச்சான்னு நிரூபிச்சா மறுபடியும் டெஸ்ட் வைக்கலாம். நம்ம ஆள் பண்ணின தப்புன்னா இன்னிக்கு எடுத்த ரீடிங்தான் முடிவு. இது ஹெட் ஆபீஸ் உத்தரவு."

"நிரூபிக்கேன் சார். மொதல்ல மீட்டர மாத்திப் போடச் சொல்லுங்க."

மாற்றிப் போட்டார்கள். அப்போதும் பழசுதான் அதிகம் இழுத்தது. மாரிசெல்வத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

லேப் டெக்னீஷியன் வேல்விழி பழைய ஓவனின் கதவோரம் கையை நீட்டிப் பார்த்தாள். "அண்ணே, கதவு சரியா மூடல. இடுக்கு வழியா அனல் அடிக்கு. சூடெல்லாம் வெளிய போனா மிசினு கரண்டு இழுக்கத்தான செய்யும்?"

"பாத்தியளா சார்? கதவுல வேலையக் காட்டிட்டான் பாவி." மாரிசெல்வம் பாய்ந்து மணிகண்டபிரபுவின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

மேனேஜர் இருவரையும் விலக்கிவிட்டு, சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்தார். கதவு ரப்பரின் நாலு மூலையிலும் ஏதோ கட்டி கட்டியாக அப்பி, சூட்டில் கருகி, கல்லாக இறுகியிருந்தது.

"இந்தா இருக்குல்லா நிரூபணம். இத வச்சவன் கை வெளங்குமா சார்? அவன் நல்லா இருப்பானா?" மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

சூடு ஆறியதும் ஸ்ரீநிவாசராகவன் ஒரு துண்டைப் பெயர்த்து மோந்து பார்த்தார். அதை மாரிசெல்வத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

சந்தனம். லீவுக்கு முந்தின நாள் ஆயுத பூஜையில், "நீதான் ஜெயிக்கணும் தாயி" என்று கும்பிட்டு, புது ஓவன் பக்கமே திரும்பாமல், பழசுக்கு மட்டும் கதவின் உள்ளும் புறமும் கை நிறைய அள்ளி அள்ளிப் பொட்டு வைத்தவன் அவனேதான்.