தலையில் வைக்காத பூ

கணவர் சபாபதியின் ஸ்கேன் முடிவைக் கோமளவல்லி அவரிடமே சொல்லவில்லை. வெறும் அல்சர்தான் என்று மூன்று வாரமாகச் சாதித்துவந்தாள். அந்தத் தெம்பில் சபாபதி பூந்தோட்டத்தைப் பெரிதாக்க மதிலோரம் பத்துக் குழி வெட்டி, அவளை நர்சரிக்கும் இழுத்து வந்திருந்தார்.

“ஒருதரம் வெச்சா வருஷக்கணக்கா பூக்கணும், தம்பி. இவ தலை ஒருநாளும் காலியா இருக்கக் கூடாது” என்றபடி ஜாதிமல்லிப் பக்கம் போனார்.

நர்சரிக்காரன் அவளிடம் திரும்பினான். “உங்களுக்கு எது வேணும்க்கா?”

“தலையில வைக்காத பூவா குடு தம்பி. நந்தியாவட்டை, அரளி... சாமிக்கு மட்டும் ஆகுற மாதிரி.”

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள். ஜாதிமல்லிக் கன்றும் கையுமாகச் சபாபதி எதிரே நின்றிருந்தார். கன்றை மெல்லக் கீழே வைத்தார்.

“டாக்டர் எத்தனை மாசம் சொன்னார், கோமு?”