பத்து நிமிஷம்

"உடம்புக்குள்ள போற கம்பிக்கு எதுக்கும்மா இவ்வளவு பளபளப்பு? எலும்பு என்ன கண்ணாடி பார்க்கவா போகுது?" என்று கத்தினார் முதலாளி.

எலும்பு முறிந்தவர்களுக்கு வைக்கும் கம்பிகளை அமிலத் தொட்டியில் இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, மேலே உள்ள சொரசொரப்பைக் கரைத்தெடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள்.

"அழகுக்கு இல்ல சார். சொரசொரப்பு இருந்தா கிருமி ஒட்டிக்கும், உள்ளேயே சீழ் பிடிக்கும். பத்து நிமிஷம் தொட்டியில இருந்தே ஆகணும்."

"சரக்கு அவசரம். நாலு நிமிஷம் போதும். முடியாதுன்னா வீட்டுக்குப் போ!"

கையுறையைக் கழற்றி அவர் மேஜைமேல் வீசிவிட்டு வந்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் முதலாளியே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கோபத்தை விடும்மா. உன் கைதான் வேணும், உடனே வா."

மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனாள். தட்டில் ஒரே அளவில் நாற்பது கம்பிகள் இருந்தன. அவர் ஒன்றை மட்டும் எடுத்து நீட்டினார்.

"இதைப் பத்து நிமிஷம் முழுசா விடு."

"மத்ததெல்லாம்?"

"அதுக்கு நாலு நிமிஷம் போதும். இது... இந்தச் சரக்கு போற ஆஸ்பத்திரியிலதான் என் பொண்ணு கால் உடைஞ்சு கிடக்கிறாம்மா."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கம்பியை வாங்கி, தட்டில் மற்றவற்றோடு போட்டு, நன்றாகக் கலக்கிவிட்டாள்.

"டாக்டர் கையில எது வரும்னு யாருக்குத் தெரியும்? இப்ப சொல்லுங்க சார், எத்தனை நிமிஷம்?"