ஓம், சேர்

“மிஸி, பெனிசிலின் ஊசி போட்டாச்சோ?”

“ஓம், சேர்,” என்றாள் தாதி றம்ஸியா.

டொக்டர் அருளம்பலம் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் வாயைத் திறந்தால் துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் ஒருவருக்கும் கேட்காது. லண்டனிலிருந்து வந்திறங்கிய செயற்கை முழங்கால் மூட்டை அன்றைக்குத்தான் அங்கே முதன்முதலாகப் பொருத்தப் போகிறார்கள். கத்தியை உதவி டொக்டர் ஜெமீலிடம் விட்டுக்கொடுத்தவர், வாயை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மயக்க மருந்து டொக்டர் தங்கரத்தினத்தோடு காலையிலேயே ஒரு சண்டை முடிந்திருந்தது.

“முழுசா உறக்கிப் போடுவம், சேர். எல்லாருக்கும் நிம்மதி.”

“உமக்கென்ன விசரே? இடுப்புக்குக் கீழ மட்டும் விறைக்கப் பண்ணினா காலுக்கு ரத்தம் நல்லா ஓடும். ரத்தத்தோட பெனிசிலினும் எலும்புக்குள்ள இறங்கும். படிச்சுப் பாஸ் பண்ணினனீரோ, பாத்தெழுதினனீரோ?”

தங்கரத்தினம் முதுகில் விறைப்பு ஊசியைக் குத்தினார்.

இப்போது ஜெமீல் தொடையை இறுக்கிக் கட்டும் பட்டியைக் கையில் எடுத்தார். அருளம்பலம் கழுத்தை எக்கிப் பார்த்தார்; பச்சைத் துணி மறைத்தது.

“தம்பி, பட்டி கட்டினாப் பிறகு ஒரு சொட்டு மருந்தும் முழங்காலுக்குப் போகாது. பிறகு சீழ்தான். காலையே கழட்டவேண்டி வரும். மிஸி, பெனிசிலின் போட்டதுதானே?”

“ஓம், சேர்.”

பதினொரு வருடமாக அந்தக் கேள்விக்கு அந்த அறையில் அதுதான் பதில். ஒரே ஒரு தடவை “இன்னும் இல்லை, சேர்” என்ற கனகம்மாவை அடுத்த கிழமையே மூதூருக்கு மாற்றியவர் அவர். “ஓம்” சொன்னவர்கள் பட்டினத்திலேயே இருந்தார்கள். நோயாளிகளில் சிலர் நொண்டிக்கொண்டு இருந்தார்கள்.

றம்ஸியா ஜெமீலின் காதுக்குள் ஏதோ சொன்னாள். ஜெமீலின் கை அப்படியே நின்றது.

“அங்க என்ன குசுகுசு? போட்டதோ, இல்லையோ?”

“ஓம், சேர்.”

“எந்த ஓம்?”

ஜெமீல் பட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய குரல் கீழே இறங்கியது.

“பயப்பிடாதேங்கோ, பிள்ளை. உள்ளதைச் சொல்லுங்கோ.”

றம்ஸியா அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“உங்கட கால் எண்டபடியாச் சொல்லுறன், சேர். இன்னும் போடேல்ல.”