பருந்துக் கணக்கு

நொச்சிக்குப்பம் மணலில் சக்திவேல் அரை மணி நேரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கையில் லேசான பால்சா மரத்தை இழைத்து அவனே செய்த கிளைடர் விமானம். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. கையால் வீச வேண்டியதுதான், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

"காத்துதான் கீதே, வுடேன். சாயங்காலம் வரைக்கும் இப்டியே நின்னுக்கினு இருப்பியா?" என்றாள் அன்புச்செல்வி.

அவளுக்கென்ன, அவள் வீசி முடித்துவிட்டாள். அவளுடைய கிளைடர் முக்கால் நிமிடம் மிதந்து சமர்த்தாக இறங்கியிருந்தது.

அந்த முக்கால் நிமிடத்தை அவன் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் கல்யாணப் பேச்சை அவன்தான் எடுக்க வேண்டும்.

பந்தயம் அப்படி. அவன் அறிந்தவரை இவர்கள் காதல் இரண்டு வீட்டுக்கும் தெரியாது. தோற்றவர் இன்றைக்கே மற்றவர் வீட்டாரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். அவள் தோற்றால் தி. நகர் ஜவுளிக்கடையில், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவன் அப்பா அய்யாதுரையிடம். அவன் தோற்றால் சாலைக்கு அந்தப் பக்கம் மீன் மார்க்கெட்டில், அவள் அம்மா முத்தம்மாவிடம்.

விதியைப் போட்டது சக்திவேல். யோசித்துத்தான் போட்டான். ஜெயித்தாலும் தோற்றாலும் தன் அப்பா முகத்தைப் பார்த்துத் தான் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்! அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தால், இந்த வயதிலும் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பயந்தாங்கொள்ளிதான். ஆனால் அவளை விட்டுவிடும் எண்ணம் அவனுக்குக் கனவிலும் கிடையாது.

முத்தம்மா மட்டும் லேசுப்பட்டவளா? வஞ்சிரத்தை ஒரே வெட்டில் இரண்டாக்குபவள். மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போன ஒரு வக்கீலை, மார்க்கெட் வாசல் வரை திட்டிக்கொண்டே வழியனுப்பியவள்.

ஆகவே ஜெயித்துவிடுவதுதான் உத்தமம்.

அதில் அவனுக்குக் கவலையும் இல்லை. அன்புச்செல்வி ஒரு தடவைகூட அவனைத் தோற்கடித்ததில்லை. அவன் கணக்கெல்லாம் பருந்துக் கணக்கு. பருந்து எங்கே வட்டமிடுகிறதோ, அங்கே தரை சூடேறி வெப்பக்காற்று மேலே கிளம்புகிறது என்று அர்த்தம். அதற்குள் வீசிவிட்டால் கிளைடரும் பருந்தோடு சேர்ந்து ஏறும். இந்தச் சூட்சுமத்தை அவளிடம் பீற்றிக்கொள்ளாமல் அவனால் இருக்க முடிந்ததில்லை.

அதோ.

கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகுகளுக்கு மேலே ஒரு பருந்து. பிறகு இரண்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பெருங்கூட்டமே வந்து ராட்டினம் மாதிரி சுற்றியது. இத்தனை பருந்துகளை ஒரே இடத்தில் அவன் பார்த்ததே இல்லை.

சக்திவேலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறக்கை நுனியை இரண்டு விரலில் பிடித்தான். வட்டு எறிபவனைப் போல ஒரு சுற்று சுற்றி, படகுப் பக்கமாக வீசினான்.

கிளைடர் அழகாக ஏறியது. பருந்துகளுக்கு நடுவே போய் நிமிர்ந்தது.

அப்போதுதான் கவனித்தான். அத்தனை பருந்துகளும் சிறகடித்துக்கொண்டிருந்தன.

மேலே தூக்கும் காற்று இருந்தால் பருந்து எதற்குச் சிறகடிக்கிறது? சும்மா விரித்து வைத்துக்கொண்டு மிதக்குமே! பதற்றத்தில் கணக்கின் முதல் பாடத்தையே கோட்டைவிட்டிருந்தான்.

கிளைடர் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. மணலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

எடுக்கப் போனவன் படகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். மீன் குடலும் செவுளும் கூடைக் கணக்கில் கொட்டிக் கிடந்தன. பருந்துகள் முறை வைத்து வந்து அள்ளிக்கொண்டு போயின.

திரும்பி அன்புச்செல்வியை முறைத்தான். காலையிலிருந்து அவள் அவன் பக்கத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. அதைச் சொல்லிச் சத்தியம் செய்யவும் தயாராக நின்றாள்.

சாட்சி இல்லாத வழக்கு. தோற்றது தோற்றதுதான்.

கிளைடரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்தான். முத்தம்மா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தில் "அம்மா" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

முத்தம்மா தலையைத் தூக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு நைனா இந்த நடுக்கம்? எனக்கு எப்பவோ தெரியும். ஒன்ன இங்க வரவைக்கத்தான் கூடை கூடையா கொடலைக் கொண்டாந்து கொட்டினேன். என் வூட்ல சரின்னாச்சு. ஒங்கப்பாவாண்ட நீ வாயத் தொறந்து சொல்லணும், நான் பக்கத்துல நின்னு கேக்கணும். கெளம்பு."

அப்பா கல்லாவில் இருக்கும் நேரம் என்று சொல்லிப் பார்த்தான். அதனால்தான் இப்போதே கிளம்புவதாகச் சொன்னாள்.

கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். மேலே மாட்டியிருந்த பழைய சட்டையையும் இடுப்பில் சுற்றியிருந்த துணியையும் அவிழ்த்துப் போட்டாள். உள்ளே அரக்கு நிறப் பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

மார்க்கெட் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அன்புச்செல்வி, மடியில் பழத்தட்டோடு நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.