வேலியில் ஒரு கதவு

"நேத்து வரைக்கும் சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டு, இன்னிக்கு முதுகுல குத்துறார் பாருங்க!"

கவுன்சில் கூடத்தின் முன்வரிசையில் இருந்த கில்லியன், பின்னால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு நார்மன் ஸ்டாக்டேலை முறைத்தாள்.

"உங்க முறை வரும்போது பேசுங்கம்மா" என்றார் குழுத்தலைவர் மொய்ரா.

விஷயம் சின்னதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் செடி வேலியில் ஒரு சிறிய கதவு வைக்க கில்லியன் அனுமதி கேட்டிருந்தாள். வேலிகளுக்கும் விதிகள் உள்ள இந்தத் தோட்ட நகரத்தில், வேலியில் ஒரு கிளையை வெட்டினாலே ஊர் திரும்பிப் பார்க்கும். கதவு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் எதிர்ப்பு இல்லையென்றால் அதிகாரியே கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் குழுவுக்கு வந்துவிடும். அந்த ஒரே ஒருவர் நார்மன்.

"எதுக்கும்மா கதவு?" என்று கேட்டார் மொய்ரா.

"அவரோட பூனை பிக்கிள் தினமும் சாயந்திரம் எங்க வீட்டுக்கு வந்துடுது. அதைத் தூக்கிக்கிட்டு, மழையில தெருவையே சுத்திப் போய்க் கொடுத்துட்டு வரேன். கதவு இருந்தா ரெண்டே எட்டு. இது ஒரு குத்தமா?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். மொய்ரா, நேரம் முடிந்தால் அடிக்கும் மேசை மணியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் ஸ்டாக்டேல், உங்களுக்கு மூணு நிமிஷம். காரணத்தை நேர்ல சொல்றேன்னு எழுதியிருந்தீங்க. சொல்லுங்க."

நார்மன் எழுந்தார். தொப்பி அவர் கையில் படாதபாடு பட்டது.

"பார்வைக்கு அசிங்கமா இருக்குமா?" மொய்ரா எடுத்துக் கொடுத்தார்.

"இல்லைங்க."

"வேலிச்செடி பட்டுப்போயிடுமா?"

"அதுவும் இல்லைங்க. கதவு வந்துட்டா, பூனையை அது வழியாவே எங்க பக்கம் இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க. இப்பன்னா சுத்திக்கிட்டு வந்து, வாசல் மணி அடிச்சு, ஒரு கப் டீ குடிச்சிட்டுப் போறாங்க. என் மனைவி போனதுக்கப்புறம் அந்த மணியை வேற யாரும் அடிச்சதில்லை. அந்த டீ எனக்கு வேணுங்க. அதான் ஆட்சேபம்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"விதிப்படி இதை ஒரு காரணமா எடுத்துக்கவே முடியாது, மிஸ்டர் ஸ்டாக்டேல்" என்ற மொய்ரா மணியைத் தள்ளி வைத்தார். "கில்லியன், நீங்க பதில் சொல்லலாம்."

கில்லியன் எழுந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அட மக்கு மனுஷா! கதவு கேட்டது பூனையை அனுப்பறதுக்கா? காலையிலயும் ஒரு தடவை நான் வந்துட்டுப் போகத்தான்! அந்தப் பூனை தானா எங்க வீட்டுக்கு வருதுன்னா நினைச்சீங்க? தினமும் மீன் வச்சுக் கூப்பிடறதே நான்தான்!"