இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“என் மானத்துக்கு விலை இருபத்து நாலு டாலர் தொண்ணூத்தஞ்சு சென்ட்டா? அதுவும் அட்டையோட சேர்த்து?”

சால் ப்ரோக்காட்டோ கையிலிருந்த கத்தைக் காகிதத்தை மேசைமேல் ஓங்கி அடித்தார். ஹெர்ப் லாண்டாவின் காபி பாதி தட்டிலும் பாதி சட்டையிலும் சிந்தியது.

வடக்கு மயாமியில் கால்வாயை ஒட்டிய அந்தத் தெருவில் இப்போது நாலு படகுப் பட்டறைகள். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதன் முதலாளி பக் டெலனி கட்டிய பந்தயப் படகுகளை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, தெருமுனையில், அவர் காருக்குள்ளேயே அவரை யாரோ சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆள் அகப்படவில்லை, புத்தகங்கள்தான் அகப்பட்டன. அந்தக் கொலையைப் பற்றி வருடத்துக்கு ஒன்று வந்தது. ஹெர்ப் எழுதியதுதான் அதிகம் விற்றது. அதன் திருத்திய பதிப்பு அடுத்த வாரம் அச்சாகிறது. நாலு பட்டறைகளில் ஒன்றின் முதலாளியான சாலுக்கு ஒரு மரியாதைக்கு முன்கூட்டியே பிரதி அனுப்பியிருந்தார்.

“இருநூத்துப் பன்னெண்டாம் பக்கம்,” என்றார் சால். “அதைக் கிழிச்சு எறிங்க.”

“ஏன், எழுத்துப் பிழையா?”

“யோவ், நக்கலா? அடுத்த மாசம் படகுக் கண்காட்சி. பன்னெண்டு படகுக்குப் பேசி வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் வெளிய வந்தா ஒருத்தன் என் பட்டறை வாசலை மிதிப்பானா? நாப்பது பேரு என்னை நம்பி வேலை பார்க்கறான். பட்டறையை இழுத்துப் பூட்டிட்டு இறால் விக்கப் போகவா?”

காபிக்கடை ரொசாரியோ துணியோடு ஓடிவந்தாள். “மெதுவாப் பேசுங்க சால். ஓரத்து மேசையில வெளியூர்க்காரங்க. புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு தெருவைச் சுத்திப் பார்க்க வந்திருக்காங்க.”

ஓரத்து மேசையிலிருந்து நாலைந்து கைகள் ஆவலாக ஆடின. சால் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கோபத்தைத் தொடர்ந்தார்.

“எவ்வளவு வேணும், சொல்லுங்க. அஞ்சாயிரம்?”

“உண்மைக்கு விலை கிடையாது சால்.”

“அப்ப எட்டு.”

“சால்!”

“எட்டாயிரம். கூடவே உங்க படகுக்கு ஒரு வருஷம் இன்ஜின் வேலை எல்லாம் இலவசம்.”

“எனக்குப் படகே இல்லியே.”

“அப்ப பத்து. அதுக்கு மேல ஒரு காசு ஏறாது.”

ஹெர்ப் சட்டைக் கறையைத் துடைத்தபடி சொன்னார்: “சாட்சி இருக்குங்க. பக்கோட பழைய பெயின்ட்டர் எமிலியோ. மூணு நாப்பதுக்கு உங்களைக் கண்ணால பார்த்திருக்கார். கையில என்ன வெச்சிருந்தீங்கங்கற வரைக்கும் சொல்லிட்டார்.”

சால் திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளையாகப் பின்னால் நாற்காலி இருந்தது.

“எமிலியோவா? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு முழுப் பன்னி அனுப்பினேனேய்யா!”

“ரெண்டு வருஷமா வரலைன்னு வருத்தப்பட்டார்.”

“பன்னி விலை ஏறிப்போச்சு! அதுக்காக ஏழு வருஷத்து ரகசியத்தைக் கக்குவானா?”

ஹெர்ப் துணியை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். “எனக்கு ஒண்ணும் புரியலை. முதல் பதிப்புல நீங்கதான் பக்கைச் சுட்டீங்கன்னு எழுதினேன். ஏன்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கலை. ராத்தூக்கம் இல்லாம அலைஞ்சு, சாட்சியைத் தேடிப் புடிச்சு, சுட்ட நேரத்துல நீங்க அந்தக் காரு பக்கமே இல்லைன்னு இப்ப எழுதியிருக்கேன். நீங்க நிரபராதிங்க! கட்டிப்புடிச்சு அழுவீங்கன்னு பார்த்தா, அடிக்க வர்றீங்களே!”

“எங்க இருந்தேன்னும் எழுதிட்டீங்களே!” சால் அந்தப் பக்கத்தை விரலால் குத்திக் காட்டினார். “ஆளுங்க எல்லாம் பந்தயத்துக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து பக்கோட கொட்டகைக்குள்ள பூந்து, அவன் புதுப் படகுக்கு மெழுகு தடவிப் பிசின் பூசி அச்சு எடுத்துட்டு இருந்தேன்னு! கொலைகாரன்கிட்ட இந்த ஊரு வரிசையில நின்னு படகு வாங்கும். என்கிட்ட வாங்கிச்சு. அடுத்தவன் படகைக் காப்பியடிச்சவன்கிட்ட ஒரு துடுப்புகூட வாங்காது ஐயா!”

சால் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டையை இழுத்தார்; ஹெர்ப்பின் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். ‘பக் டெலனியை நான்தான் சுட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

“இந்தாங்க. பழையபடி நானே கொலைகாரன்.”

“போலீஸ் வந்தா?”

“போலீஸை வக்கீல் பார்த்துக்குவான். வாடிக்கைக்காரனை எந்த வக்கீல் பார்த்துக்குவான்?”

ஹெர்ப் பெருமூச்சு விட்டபடி கோட்டுப் பைக்குள் கையை விட்டு, மடித்த மூன்று காகிதங்களை எடுத்துச் சாலின் கைக்குட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார்.

“எமிலியோ பார்த்தது உங்களை மட்டும் இல்லை சால். நாப்பதடிப் படகு. நீங்க படகோட மூக்குப் பக்கம் இருந்தீங்க. மத்த மூணு பட்டறை முதலாளிகளும் இந்தப் புறம், அந்தப் புறம், வால்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஆளுக்கொரு மூலையில ஒளிஞ்சு அச்சு எடுத்துட்டு இருந்திருக்காங்க. உங்களுக்கு அனுப்பின மாதிரியே அவங்களுக்கும் பிரதி அனுப்பினேன். ஆக, செத்தவர் ஒருத்தர், நான்தான் கொன்னேன்னு எழுதிக் குடுத்தவங்க உங்களோட சேர்த்து நாலு பேரு. நிஜமாக் கொன்னவன் கணக்குல மட்டும் இன்னும் ஒரு ஆள் பாக்கி.”